கடைமடைக் கணக்கு

நந்தன் கால்வாய் நன்றாக ஓடுகிறதா என்று கீரனூர் அணைக்கட்டில் நின்று கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். பனமலை ஏரிக்கரையில் நின்று கேட்டால் வேறு பதில் கிடைக்கும். துரிஞ்சலாற்று வெள்ளத்தைத் திருவண்ணாமலைப் பக்கத்தில் திருப்பி, வழியெல்லாம் ஏரிகளை நிரப்பிக்கொண்டு வந்து, விழுப்புரம் மாவட்டத்துப் பனமலை ஏரியில் முடிகிற கால்வாய் அது. தலைப்பில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது அலுவலகப் பதிவேட்டுக்கு வேண்டிய எண். கடைசி ஏரிக்குத் தண்ணீர் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை அடி நின்றது என்பது ஊருக்கு வேண்டிய எண். ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கும் குன்றின் மேலேறிப் பார்த்தால் ஏரி கண்ணில் படும். நிரம்பியதா இல்லையா என்று சொல்ல எந்தக் கருவியும் தேவையில்லை.

பல கை மாறிப் போகும் எந்தப் பொருளின் பயணத்தையும் அளக்கப் போனால் இந்தக் கேள்விதான் முதலில் எழுகிறது: எங்கே நின்று அளப்பது, யார் கணக்கில் அளப்பது? விநியோகச் சங்கிலி மேலாண்மை என்ற துறை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதைப் பேசிவருகிறது. ஆனால் அதன் பாடநூல் உதாரணங்கள் பெரும்பாலும் காரும் கணினியும் சோப்பும்தான். தமிழ்நாட்டின் மிகப் பெரிய விநியோகச் சங்கிலிகளில் ஒன்றோ, செஞ்சி வட்டாரத்தைப் போன்ற ஊர்ப்புறங்களின் களத்துமேட்டில் தொடங்கி ரேஷன் கடை வாசலில் முடிகிறது. அந்த நெல்லை வைத்தே இத்துறையின் அளவுகோல்களை உரசிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

துறையின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1958இல் ஜே ஃபாரெஸ்டர் என்ற எம்.ஐ.டி. பேராசிரியர், கடைக்காரரிடம் சிறிதாகத் தெரியும் தேவை மாற்றம் மொத்த வியாபாரியிடம் பெரிதாகவும், ஆலையில் அதைவிடப் பெரிதாகவும் தெரிவதைக் காட்டினார். 1997இல் ஹவ் லீயும் அவருடைய சகாக்களும் இதைச் சாட்டை வீச்சு என்ற பெயரில் விளக்கினார்கள். கைப்பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரும் வீச்சு. ‘விநியோகச் சங்கிலி மேலாண்மை’ என்ற பெயரை 1982இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கீத் ஆலிவர் என்ற ஆலோசகர். லாபத்தை மட்டும் பார்த்து நிறுவனத்தை எடைபோடாதீர்கள், வாடிக்கையாளர், உள்வேலை, கற்றல் ஆகியவற்றையும் பாருங்கள் என்று 1992இல் காப்லானும் நார்ட்டனும் சொன்னார்கள். 1996இல் வந்த ‘ஸ்கோர்’ மாதிரி, சங்கிலியைத் திட்டமிடல், வாங்கல், ஆக்கல், சேர்த்தல் என்று பிரித்து (திரும்பப் பெறுதல் பிற்பாடு சேர்ந்தது), நம்பகம், வேகம், வளைந்துகொடுக்கும் திறன், செலவு, சொத்துப் பயன்பாடு என்ற ஐந்து தலைப்புகளில் மதிப்பெண் போட்டது. பெனிட்டா பீமன் 1999இலும், குணசேகரன், படேல், டிர்டிரோக்ளு மூவரும் 2001இலும் எழுதிய கட்டுரைகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. செலவை மட்டும் அளப்பவர்கள் சங்கிலியைப் பாதிதான் பார்க்கிறார்கள் என்பது பீமன் சொன்னதன் சாரம்.

இவற்றில் எனக்கு மிகப் பயனுள்ளதாகப் படுவது ஓர் எளிய பெருக்கல். ஒரு சரக்கு சரியான அளவில், சரியான நாளில், சேதமில்லாமல், சரியான பட்டியலோடு போய்ச் சேர்ந்தால்தான் அது ‘குறையில்லாத ஒப்படைப்பு’. ஒவ்வொரு கண்ணியும் 95 சதவீதம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கண்ணிகள் என்றால் 0.95ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 77 சதவீதம். ஐந்து அலுவலகங்களும் தத்தம் அறிக்கையில் தொண்ணூற்றைந்து எழுதி அனுப்பும். கடைசி ஆளுக்கு நான்கில் ஒரு முறை ஏதோ ஒன்று தவறியிருக்கும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை.

ஆனால் இந்த மாதிரிகள் எல்லாம் நடுவில் ஒரு நிறுவனத்தை வைத்து வரையப்பட்டவை. கார் கம்பெனி நடுவில் இருக்கும். உதிரிபாகம் செய்பவர் ஒரு பக்கம், விற்பனையாளர் மறு பக்கம். எது நேரத்தில் வரவில்லை என்பதைக் கார் கம்பெனி அளக்கும், அபராதம் போடும். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இது அன்றாடம் நடப்பது. நெல்லுக்கு அப்படி ஒரு நடு கிடையாது. வேளாண்மைத் துறை, வருவாய்த் துறை, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம், தனியார் அரவை ஆலை, லாரி ஒப்பந்தக்காரர், கூட்டுறவுத் துறை, உணவு வழங்கல் துறை, எல்லாவற்றுக்கும் மேலே மத்திய உணவு அமைச்சகம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தராசு, ஒரு பதிவேடு.

அளவையைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கைக் கதையையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் சரக்குப் போக்குவரத்து, கிடங்கு முதலியவற்றுக்கு ஆகும் செலவு நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 13, 14 சதவீதம் என்று ஆண்டுக்கணக்கில் மேடைதோறும் சொல்லப்பட்டது. அதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவருவதே நோக்கம் என்ற பேச்சோடு 2022 செப்டம்பரில் தேசியக் கொள்கையும் வந்தது. 2023 டிசம்பரில் தேசியப் பயன்முறைப் பொருளியல் ஆய்வுக் குழு முறையாகக் கணக்கிட்டபோது, 2021-22இல் அந்தச் செலவு 7.8 முதல் 8.9 சதவீதம்தான் என்று தெரியவந்தது. எட்ட வேண்டிய இலக்கு ஏற்கெனவே எட்டப்பட்டிருந்தது. அளந்து பார்க்காமலே இலக்கு வைத்திருந்தார்கள். உலக வங்கியின் சரக்குப் போக்குவரத்துச் செயல்திறன் குறியீட்டில் இந்தியா 2018இல் 44ஆம் இடத்திலும் 2023இல் 38ஆம் இடத்திலும் இருந்ததைப் பலர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. முன்பு பெரும்பாலும் தொழில் செய்வோரின் அபிப்பிராயத்தைக் கேட்டுப் போடப்பட்ட மதிப்பெண்ணோடு, 2023 பதிப்பில் கண்டெய்னர்கள் உண்மையில் எத்தனை நாள் எங்கெங்கே நின்றன என்ற தடமறியும் தரவும் சேர்க்கப்பட்டது. நின்ற நாளை எண்ணத் தொடங்கியது பெரிய மாற்றம்.

இனி நெல்லுக்கு வருவோம்.

பனமலைச் சுற்றுவட்டாரத்தில் அறுவடை முடிந்தவருக்கு நெல்லை விற்க மூன்று வழி. களத்துக்கே வந்து மூட்டை பிடிக்கும் வியாபாரி; செஞ்சி, விக்கிரவாண்டி, விழுப்புரம் போன்ற ஊர்களின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்; அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம். வியாபாரி விலையைக் குறைப்பார், ஆனால் கையில் காசு தருவார். விற்பனைக்கூடத்தில் ஒவ்வொருவர் குவியலும் ஒரு லாட். வியாபாரிகள் மாதிரியைக் கையில் அள்ளி, தேய்த்து, கடித்துப் பார்த்து மறைமுக ஏலத்தில் விலை எழுதிப் போடுவார்கள். பொன்னி போன்ற சன்ன ரகங்களுக்கு அங்கே நல்ல விலை விழும். கொள்முதல் நிலையத்தில் விலை நிச்சயம்: 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துச் சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய்.

இந்த விற்பனைக்கூடங்கள் அளவையில் நடந்த ஏமாற்றைத் தடுக்கப் பிறந்தவை. பழைய சென்னை மாகாணம் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் கொண்டுவந்ததன் பின்னணியில் கள்ளத் தராசும் இஷ்டத்துக்குப் பிடிக்கும் தரகும்தான் இருந்தன. தொண்ணூறு ஆண்டுகளில் தராசுப் பிரச்சினை பெருமளவு குறைந்திருக்கிறது. இன்றைக்குப் பிரச்சினை நேரம். பருவ நாள்களில் செஞ்சிக் கூடத்துக்கு ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மூட்டைகள் வந்து இறங்கும். இடம் நிறைந்து, சாலையோரம் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். எடுத்த மூட்டையை வியாபாரி அப்புறப்படுத்தாமல் அடுத்தவர் மூட்டையை இறக்க முடியாது. விவசாயிகள் சில நாள் நெல் கொண்டுவர வேண்டாம் என்று அறிவிப்பு வருவதும் உண்டு. மறுநாள் செய்தித்தாளில் வரும் எண் என்ன? ‘வரத்து இத்தனை ஆயிரம் மூட்டை, வர்த்தகம் இத்தனை கோடி.’ எத்தனை பேர் எத்தனை மணி நேரம் காத்திருந்தார்கள் என்பது அந்தப் பத்தியில் இருக்காது.

கொள்முதல் நிலையத்தைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். இங்கேதான் சங்கிலியின் அளவுகோல்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதுகின்றன.

சிட்டா, அடங்கல் கொடுத்துப் பதிவு செய்து முறை வந்ததும், தூற்றிப் பதரும் கருக்காயும் நீக்கிய நெல்லில் ஈரப்பதம் பார்க்கிறார்கள். மத்திய அரசின் வரம்பு 17 சதவீதம். மழைக்காலங்களில் மாநில அரசு கேட்டு, மத்தியக் குழு வந்து பார்த்து, வரம்பு தளர்த்தப்படுவது கிட்டத்தட்ட ஒரு வருடாந்திரச் சடங்காகிவிட்டது. முளைத்த, நிறம் மாறிய, பூச்சி அரித்த மணிகளுக்கு 5 சதவீத வரம்பு. பிறகு 40 கிலோ சிப்பமாகச் சாக்கில் பிடித்து, தைத்து, அடுக்கி, லாரி வரும்வரை காவல் இருக்கிறார்கள். லாரி அதைத் திறந்தவெளி சேமிப்பு மையத்துக்கோ கிடங்குக்கோ நேராக ஆலைக்கோ கொண்டுபோகும்.

ஒரு சிறிய கணக்கு. 20 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லில் உலர்ந்த பொருள் 800 கிலோ. அதே நெல் 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் மொத்த எடை சுமார் 964 கிலோ. யாரும் கை வைக்காமலே 36 கிலோ காற்றில் போய்விடுகிறது. எடை போட்ட நெல் நிலையத்திலேயே பத்து நாள் வெயிலில் கிடந்தால் இந்தக் குறைவு நிலையத்துக் கணக்கில் விழும். எடைக் குறைவைப் பட்டியல் எழுத்தரிடம் பிடித்தம் செய்கிறார்கள் என்பது பருவகாலப் பணியாளர்களின் சங்கங்கள் நீண்ட காலமாகச் சொல்லும் குறை. அந்தப் பணியாளர் என்ன செய்வார்? தன் தலையில் விழப்போகும் குறைவை முன்கூட்டியே ஈடுகட்டப் பார்ப்பார். சிப்பத்துக்கு ஒரு கிலோ கூடுதலாக வாங்குகிறார்கள் என்று விவசாயிகள் ஆண்டுதோறும் முறையிடுவதற்கு ஒரு வேர் இங்கே இருக்கிறது. சாக்கின் எடை அரை கிலோவுக்குச் சற்று மேல். அதைக் கழிக்கத் தனி ஏற்பாடு உண்டு. மேற்கொண்டு போகும் நெல்தான் பிரச்சினை. 2,500 ரூபாய் விலையில் 40 கிலோ சிப்பம் ஒன்று 1,000 ரூபாய், ஒரு கிலோ 25 ரூபாய். நூறு சிப்பம் போடுபவருக்கு 2,500 ரூபாய் நட்டம்.

இதை வெறும் ஊழல் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஊழலும் இருக்கிறது, இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அளவுகோல் வைக்கப்பட்டிருக்கும் விதமே கையை நீட்டச் சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எடையை மட்டும் அளந்து, நாளை அளக்காமல் விட்டால், தாமதம் செய்தவரின் குற்றம் எடைக் குறைவாக வேடம் மாறி, தாமதத்துக்குப் பொறுப்பில்லாதவர் தலையில் இறங்குகிறது. லாரி பத்து நாள் கழித்து வந்ததற்கு லாரி ஒப்பந்தக்காரர் கணக்கில் ஒரு கிலோவும் குறையாது. எழுத்தர் கணக்கில் குறையும். அவர் வழியாக விவசாயி கணக்கில் குறையும்.

தரமும் அப்படியே. அறுவடை இயந்திரம் மணிக் கணக்கில் வாடகைக்கு வருகிறது; ஏரிப் பாசன ஊர் முழுதும் ஒரே வாரத்தில் அறுத்துவிடுகிறது. நெல் ஒரே நேரத்தில் நிலையத்துக்கு வருகிறது. எடை போடும் வேகம் அதற்கு ஈடுகொடுக்காது. குவியல் தார்ப்பாய்க்கு அடியில் நான்கு நாள் கிடந்து, ஒரு மழையில் நனைந்து, ஐந்தாம் நாள் கருவி வைத்துப் பார்த்தால் 21 காட்டும். அடியில் முளை விட்டிருக்கும். கொண்டுவந்த அன்று அது 17ஆக இருந்திருக்கலாம். கருவி உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் அது அளப்பது நெல்லின் தரத்தை அல்ல, நிலையத்தின் தாமதத்தை. படிவத்தில் அது விவசாயியின் குறையாகப் பதிவாகிறது. காத்திருப்பைத் தரக்குறைவாக மாற்றி எழுதும் இந்த ரசவாதம்தான் நெல் சங்கிலியின் அளவைமுறையில் உள்ள ஆகப் பெரிய கோளாறு என்று நினைக்கிறேன்.

பால் கதை வேறு. ஆவினுக்குப் பால் ஊற்றும் சொசைட்டிகளில் கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் பார்த்து விலை போடுகிறார்கள். அதிலும் சண்டை உண்டு. ஆனால் பால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும் என்பதால், அந்தத் தொழில் தொடக்கத்திலிருந்தே நேரத்தை அளக்கக் கற்றுக்கொண்டது. மெத்திலீன் நீலச் சோதனை என்று ஒன்று உண்டு: பாலில் சிறிது சாயம் விட்டு, நீலம் வெளுக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்கள். நுண்ணுயிர் பெருகியிருந்தால் சீக்கிரம் வெளுக்கும். பெரும்பாலும் பால் குளிரூட்டப்படாமல் நெடுநேரம் கிடந்தது என்று பொருள். நேரத்தை அளந்ததால்தான் குளிர்விப்பு நிலையம் கிராமத்துக்குப் பக்கத்தில் வந்தது. நெல் மெதுவாகக் கெடுகிறது. அந்தச் சாவகாசம்தான் அதற்கு வினை.

மேலே போகப் போகக் கண்ணிகள் ஊரை விட்டு வெகுதூரம் போய்விடுகின்றன. சாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சணல் சாக்கு வங்காளத்து ஆலைகளிலிருந்து, கொல்கத்தாவில் இருக்கும் சணல் ஆணையர் அலுவலகம் வழியாக வர வேண்டும். எத்தனை லட்சம் சாக்கு வேண்டும் என்பதைப் பல மாதங்களுக்கு முன்பே மதிப்பிட்டு எழுதிப் போட வேண்டும். மழை நன்றாகப் பெய்து, ஏரி நிரம்பி, விளைச்சல் மதிப்பீட்டைத் தாண்டினால் சாக்கு போதாது. நெல் இருக்கும், தராசு இருக்கும், ஆள் இருப்பார்கள், சாக்கும் சணலும் இருக்காது, கொள்முதல் நிற்கும். பாடநூலில் சாட்டை வீச்சு என்று படம் போட்டு விளக்குவதை இங்கே தார்ப்பாய்க்கு அடியில் காணலாம்.

2025 அக்டோபரில் காவிரி டெல்டாவில் நடந்தது இன்னும் விசித்திரம். குறுவை விளைச்சல் அமோகம், கொள்முதலும் செப்டம்பர் 1லேயே தொடங்கியது, பிறகு மழை பிடித்துக்கொண்டது. நிலையங்களிலும் சாலையோரங்களிலும் நெல் தேங்கி முளைவிட்டது. தாமதத்துக்கு மாநில அரசு சொன்ன காரணங்களில் ஒன்று செறிவூட்டப்பட்ட அரிசி மணி. ரேஷன் அரிசி 100 கிலோவுக்கு இரும்புச்சத்தும் வைட்டமின்களும் ஏற்றிய 1 கிலோ மணிகளை அப்போது கலக்க வேண்டியிருந்தது. அந்த மணிகளுக்கான மத்திய ஒப்புதல் தாமதமானதால் அரவை நின்றது, அரவை நின்றதால் கிடங்கு காலியாகவில்லை, கிடங்கு காலியாகாததால் நிலையத்திலிருந்து லாரி கிளம்பவில்லை என்றார்கள். எதிர்க்கட்சிகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. யார் சொன்னது சரி என்பதைத் தீர்க்க ஒரே ஒரு பதிவேடு போதும்: ஒவ்வொரு கண்ணியிலும் சரக்கு எந்தத் தேதியில் வந்து எந்தத் தேதியில் கிளம்பியது என்பது. அப்படி ஒன்று பொதுவில் இல்லாததால் விவாதம் தொலைக்காட்சியில் நடந்தது.

ஆலையில் ஓர் அளவுகோல் கறாராக இருக்கிறது. நூறு கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசி 68 கிலோ, பச்சரிசி 67 கிலோ ஆலைக்காரர் திருப்பித் தர வேண்டும். நல்ல நெல்லானாலும் நொந்த நெல்லானாலும் அதே விகிதம். அதனால் நொந்த நெல் வந்தால் குறுணை கூடும். இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கண்ணி தோறும் பார்த்த அதே கதைதான்.

மறு முனைக்கு வருவோம். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லை. கார்டுகள் இரண்டு கோடிக்கு மேல். ரேஷன் கடையில் இப்போது அளவைக்குப் பஞ்சமில்லை. கைரேகை, விற்பனை முனையக் கருவி, வாங்கியதும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி. 2025இல் மின்னணுத் தராசையும் முனையக் கருவியையும் புளூடூத்தில் இணைத்து, சரியான எடை தராசில் ஏறினால்தான் பில் விழும் என்ற ஏற்பாடும் பரவலாக வந்தது. கார்டுதாரர் பக்கமிருந்து பார்த்தால் நியாயமான ஏற்பாடு. விற்பனையாளர்கள் கேட்ட கேள்வியும் நியாயமானது: கிடங்கிலிருந்து கடைக்கு வரும் மூட்டையை அதே கறாரோடு எடை போட்டுத் தருகிறீர்களா? மூட்டை குறைந்த எடையில் வந்து இறங்கினால், கடைசியாகத் துல்லியமாக அளந்து தர வேண்டியவர் குறைவை எங்கே கொண்டுபோய்ப் போடுவார்? கொள்முதல் நிலையத்து எழுத்தரும் ரேஷன் கடை விற்பனையாளரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். இருவரும் மாட்டிக்கொண்டிருக்கும் பொறி ஒன்றுதான்.

கசிவு என்ற ஒரு கணக்கு உண்டு. கிடங்கிலிருந்து வெளியேறிய தானியத்திலிருந்து, தேசிய மாதிரி ஆய்வில் வீடுகள் தாம் வாங்கியதாகச் சொன்ன தானியத்தைக் கழித்துப் பார்ப்பது. 2015 ஜனவரியில் அறிக்கை தந்த சாந்தகுமார் குழு, 2011-12இல் நாடு முழுவதும் கசிவு 46.7 சதவீதம் என்றது. வேறு ஆய்வாளர்கள் கணக்கிட்டு அதைவிடக் குறைந்த எண்ணுக்கு வந்தார்கள். 2022-23 நுகர்வு ஆய்வை வைத்து 2024இல் வந்த ஒரு மதிப்பீடு 28 சதவீதம் என்றது. எண்களில் சண்டை இருக்கட்டும். முறை எனக்குப் பிடித்திருக்கிறது. எந்த அலுவலகத்தின் பதிவேட்டையும் மட்டும் நம்பாமல், கடைசி வீட்டின் அடுப்படியில் போய், உங்களுக்கு எவ்வளவு வந்தது என்று கேட்கிறது. சங்கிலி முழுவதையும் ஒரே மூச்சில் அளக்கும் கணக்கு இது.

ஆனால் இது அரிசியின் கடைமடை. பணத்துக்கும் நேரத்துக்கும் கடைமடை எதிர்த்திசையில் இருக்கிறது, விவசாயியின் வங்கிக் கணக்கில். அங்கே யாரும் போய் அளப்பதில்லை. போட்ட பணம் எத்தனை நாளில் திரும்புகிறது என்று கம்பெனிகள் தம் கணக்கில் நாள்களை எண்ணி வைத்திருக்கின்றன, குறைந்தால் கொண்டாடுகின்றன. விதைநெல் வாங்கிய நாளிலிருந்து கணக்கில் பணம் ஏறிய நாள்வரை எண்ணினால் விவசாயிக்கு அது நான்கு மாதத்துக்கு மேல். பயிர் வளரும் நாளைக் குறைக்க முடியாது. அறுவடைக்குப் பிறகான நாளைக் குறைக்கலாம். வியாபாரியிடம் விலை குறைத்து விற்பவரை விவரம் போதாதவர் என்று எழுதுகிறவர்கள் இந்த நாள்களுக்கு விலை போட்டுப் பார்த்ததில்லை. குவிண்டாலுக்கு 200 ரூபாய் குறைவு என்றால் 40 குவிண்டாலுக்கு 8,000 ரூபாய். தார்ப்பாய் வாடகை, காவல், மழை பயம், உரக்கடை பாக்கிக்கு ஏறும் வட்டி, அடுத்த பட்டத்துக்கு உழவு தள்ளிப்போவது எல்லாம் சேர்ந்தால் சில ஆண்டுகளில் அந்த 8,000 மலிவு. அரசு முகமைகளுக்கு நேரடியாக விற்றுக் குறைந்தபட்ச ஆதார விலையின் பலனை அடைந்தவர்கள் நாட்டில் 6 சதவீத விவசாயிகளே என்று அதே சாந்தகுமார் குழு சொன்னது. மற்றவர்கள் ஏன் வரவில்லை என்பதற்கு விலைப் பட்டியலில் விடை கிடைக்காது.

செலவையும் வேகத்தையும் மட்டும் பார்த்தால் போதுமா என்ற கேள்விக்குச் செஞ்சிக் கோட்டையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு அங்கே கூட்டம் கூடிவிட்டது. வருபவர்கள் கல்யாண மகாலைப் படமெடுத்துக்கொண்டு, பருத்த சுவர் கொண்ட நெற்களஞ்சியத்தைச் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 1690இல் சுல்பிகார் கான் தலைமையில் வந்த மொகலாயப் படைக்குக் கோட்டையைப் பிடிக்க 1698 வரை ஆயிற்று. உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமின் தரப்பைவிட வெளியே இருந்த முற்றுகைப் படையே ஒரு கட்டத்தில் தானியமின்றித் தவித்தது. 1692 இறுதியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்ப்படேயும் தனாஜி ஜாதவும் வந்து வழிகளை மறித்தபோது, சுல்பிகார் கான் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியிருந்தது. பலம் குறைந்த தரப்பு தாக்குப்பிடித்தது. பெரும் படையை வழங்கல் வழி கைவிட்டது. 1997 பிப்ரவரியில் ஐசின் என்ற உதிரிபாக ஆலை தீப்பிடித்தபோது, கையிருப்பே வைக்காத முறைக்குப் பெயர்போன டொயோட்டாவின் கார் ஆலைகள் ஒரு சிறிய பிரேக் வால்வு இல்லாமல் நின்றுபோனதும் இதே வகை. கையிருப்பைச் செலவாக மட்டும் எண்ணும் அளவுகோல், வழி அடைபடும் நாளில் வாய் மூடிக்கொள்ளும். அதற்காக அளவில்லாமல் குவிப்பதும் சரியல்ல. ஜூலை 1 அன்று மத்தியத் தொகுப்பில் இருக்க வேண்டிய அரிசி 135.4 லட்சம் டன். 2025இல் இருந்தது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கிடங்கு அங்கே நிரம்பி வழிந்தால் கொள்முதல் நிலையத்தில் லாரி இங்கே நிற்கும்.

சரி, என்ன அளக்கலாம்? பெரிய செயலியோ ஆலோசனை நிறுவனமோ வேண்டாம். கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் கொடுப்பவர், வாங்குபவர் இருவர் முன்னிலையிலும் எடையும் ஈரமும் தேதியும் பதிவாக வேண்டும். எடைக் குறைவை ஈர மாற்றத்தோடும் கிடந்த நாளோடும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நெல் வந்து சேர்ந்த அன்றைக்கே ஈரம் பார்த்து டோக்கனில் எழுதிவிட்டால், அதற்குப் பிறகு ஏறும் ஈரம் யார் பொறுப்பு என்பதில் வாதமே இருக்காது. இப்போதைய முறையை நியாயப்படுத்த, அன்றே பார்த்தால் இடத்துக்கு அடித்துக்கொள்வார்கள், ஆளில்லை என்றெல்லாம் சொல்லப்படுகிறது. கருவி கையடக்கமானது. சோதனை சில நிமிடம். ஆளில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்; பொறுப்பு இடம் மாறிவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

எந்த எண்ணுக்குப் பரிசும் தண்டனையும் கட்டுகிறோமோ அந்த எண் கெட்டுப்போகும் என்று பொருளியலாளர் குட்ஹார்ட் 1975இல் சொன்ன கருத்தின் பொதுவடிவம் இன்று எல்லாத் துறையிலும் பேசப்படுகிறது. காத்திருப்பு நேரத்தை அளக்கத் தொடங்கினால் டோக்கனைத் தாமதமாகக் கொடுத்து நேரத்தைக் குறைத்துக் காட்டுவார்கள். அதனால் இந்த எண்களை மேலதிகாரிக்கு அனுப்புவதைவிட, காத்திருப்பவர் கண் முன்னால் எழுதி வைப்பது நல்லது. அவருக்குத் தான் என்றைக்கு வந்தோம் என்பது தெரியும். பொய் எழுதினால் அங்கேயே கேட்பார்.

ஒவ்வொரு கொள்முதல் நிலையத்து வாசலிலும் ஒரு கரும்பலகை, அதில் தினமும் நான்கு வரி: இன்னும் எடை போடாத பழைய குவியல் வந்த தேதி, எடை போட்டும் ஏற்றாமல் கிடக்கும் சிப்பங்கள், கையிருப்புச் சாக்கு, பணம் ஏறாத பட்டியல்களில் மிகப் பழையதன் தேதி. ஒரு டப்பா சாக்பீஸுக்கு மேல் இதற்குச் செலவில்லை. சம்பா அறுவடை தொடங்குமுன், விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இந்த ஒரு கோரிக்கையை மட்டும் எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.